எவரும் விரும்பி அகதியாவதில்லை

2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மியன்மாரின் ரோஹிங்யா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிய படகொன்று முள்ளிவாய்க்கால் கரையை வந்தடைந்தது. பெண்களும் சிறுவர்களும் அதில் இருந்தனர். முதலில் அவர்களுக்கு உணவும் நீரும் கொடுத்தவர்கள் அப்பகுதி மக்களே. 2009 இல் உணவும் நீருமின்றித் தவித்த மண், அயலவரின் பசியை அறிந்துகொள்வதற்கு மொழி தேவைப்படவில்லை.

ஆனால் அவர்கள் விமானப்படை முகாமொன்றில் தங்கவைக்கப்பட்ட பின்னர், இது ஆட்கடத்தல் என்றும் அவர்களைத் திருப்பியனுப்ப வேண்டும் என்றும் பேச்சுகள் எழுந்தன. அதற்கெதிராக வடக்கில் மக்கள் வீதிக்கிறங்கினர். இவர்கள் உயிருக்கு அஞ்சி வந்தவர்களா, பிழைப்புத் தேடி வந்தவர்களா என்ற கேள்வி, எந்தக் கரையில் எந்தப் படகு ஒதுங்கினாலும் எழுவதுதான். எனவே மனிதர் வீட்டைவிட்டு ஏன் வெளியேறுகின்றனர் என்பதை நாம் சற்று நிதானமாக நோக்குவது பொருத்தமாகும்.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரும், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவருமே அகதியாவார். எல்லையைக் கடக்காமல் நாட்டுக்குள்ளேயே அலைபவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். தொழிலுக்காகவும் கல்விக்காகவும் செல்பவர் புலம்பெயர்ந்தவர். சட்டத்தில் இந்தக் கோடுகள் தெளிவானவை. வாழ்க்கையில் அவ்வாறில்லை.

ரோஹிங்யா மக்களையே எடுத்துக்கொள்வோம். மியன்மாரின் 1982 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைத் தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கியது. 2017 ஓகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையின்போது ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்குத் தப்பியோடினர். கொக்ஸ் பஸார் முகாம்களில் அவர்களுக்கு முறையாகத் தொழில் செய்யும் உரிமை இல்லை. நிதிப் பற்றாக்குறையால் 2023 இல் ஒருவருக்கான மாதாந்த உணவு உதவி 12 டொலரிலிருந்து 8 டொலராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ரக்கைன் மாநிலத்தில் மீண்டும் போர் மூண்டது. இந்நிலையில் முகாமிலிருந்து படகேறும் இளைஞன் பசிக்காகச் செல்கிறானா, அச்சத்துக்காகச் செல்கிறானா? இரண்டும் உண்மையே. ஆயினும் அந்தப் பசியின் வேர் பறிக்கப்பட்ட குடியுரிமையில் இருக்கிறது.

இந்தக் கதை எமக்குப் புதிதல்ல. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென அவர்களைக் கேளாமலே முடிவு செய்தது. 1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் தமிழர்கள் கடல் கடந்து தமிழகத்துக்கும் மேலைநாடுகளுக்கும் சென்றனர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணிநேர அவகாசமே. எல்லையைக் கடக்காத காரணத்தால் அவர்கள் சட்டத்தின் கண்களில் அகதிகளல்லர். ஆயினும் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

போர் 2009 இல் முடிந்த பின்னரும் படகுகள் நிற்கவில்லை. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022 இல், முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையரை ஏற்றிச் சென்ற கப்பலொன்று நடுக்கடலில் தத்தளித்து, அவர்கள் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனர். அத்தகைய பயணங்களுக்காகக் காணியை விற்றும் நகையை அடகுவைத்தும் முகவர்களுக்குப் பணம் செலுத்துவோர் எம்மிடையே உள்ளனர். முகவர்கள் மக்களின் அவலத்தில் இலாபம் காண்பவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவலத்தைத் தோற்றுவித்தவர்கள் அவர்களல்லர். சட்டபூர்வமான வாசல்கள் அடைபடும்போதே களவு வழிகளுக்கு விலை ஏறுகிறது.

படகில் வரும் அனைவரும் அகதிகளே என்று நாம் வாதிடவில்லை. வேறுபடுத்திப் பார்ப்பது அவசியம். அது ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்துச் செய்யப்பட வேண்டியது. கரையில் நின்று தோற்றத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு விசாரணையாகாது. இலங்கை 1951 ஆம் ஆண்டின் சமவாயத்தில் இணையவில்லை என்பது உண்மையே. எனினும் நாம் ஏற்றுக்கொண்டுள்ள சித்திரவதைக்கெதிரான சமவாயம், சித்திரவதைக்கு உள்ளாகும் ஆபத்துள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பியனுப்பலாகாது எனத் தெளிவாகக் கூறுகிறது.

எமது உறவினர் அந்நிய நாடுகளின் வாசலில் நின்றபோது, அங்குள்ள அதிகாரிகள் அவர்களது கதையை முழுமையாகக் கேட்க வேண்டுமென நாம் எதிர்பார்த்தோம். கேட்டவர்களால் உயிர் பிழைத்தோர் பலர். கேட்காதவர்களால் திருப்பியனுப்பப்பட்டோரும் உளர். இன்று எமது வாசலுக்கு வந்திருப்போர் கேட்பதும் அதுவே. முள்ளிவாய்க்கால் மக்கள் எதனையும் விசாரிக்காமலே சோறு கொடுத்தனர். அரசு சோறு கொடுப்பதோடு நீதியாக விசாரிக்கவும் கடமைப்பட்டுள்ளது.