கிராணியின் கழுத்துவலி யார் கணக்கு?

ஜொகூரில் வேலையிடப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் பாசிர் கூடாங் தொழிற்பேட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட நேர்ந்த வட்டாரம் அது. ஆபத்து என்றாலே புகைக்குழாய், ஹெல்மெட், கையுறை என்று அங்குள்ளவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. அங்கேயே ஏர்கோன் அறையில் அமர்ந்து நாள் முழுக்க இன்வாய்ஸ் தட்டும் கிராணியின் கழுத்துவலியை யாரும் விபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்தது. அலுவலக முதலாளிகளுக்கு முன்பும் பொறுப்பு இருந்ததுதான். ஆனால் இடர் மதிப்பீடு செய்தே தீரவேண்டும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்வது இப்போதுதான். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஐந்தே பேர் வேலை செய்தாலும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். தொழிலாளர் பாதுகாப்பில் கடமை தவறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 5 லட்சமாக உயர்ந்தது.

மதிப்பீடு எப்படிச் செய்வது? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் முதல் வேலை பேச்சுதான்: மனித உடலின் படத்தைக் கொடுத்து எங்கெங்கே வலிக்கிறது என்று தொழிலாளியையே கேட்கிறார்கள். பிறகு உட்காரும் விதம், ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவது, வெளிச்சம், காற்றோட்டம் எல்லாம் பார்க்கப்படும். அதிகம் அசையாமல் தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாலே கவனிக்க வேண்டிய இடர் என்கிறது அந்த வழிகாட்டி. முப்பதே நிமிடம்! இந்த அளவுகோலில் தப்பும் அலுவலகம் எது?

மேசையைப் பாருங்கள். கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டியவை. குட்டையான பெண்ணுக்கு அது அதிகம். தோளைத் தூக்கிக்கொண்டே தட்டுவார். நாற்காலியை உயர்த்தினால் தோள் இறங்கும், ஆனால் கால் தரையில் படாமல் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். அப்போது தேவைப்படுவது விலையுயர்ந்த நாற்காலி அல்ல, ஒரு கால்பலகை. மடிக்கணினியில் வேறு சிக்கல்: திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கழுத்துக்கு ஏற்றபடி வைத்தால் கைக்கு ஆகாது, கைக்கு ஏற்றபடி வைத்தால் கழுத்துக்கு ஆகாது. தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுத்து, மடிக்கணினியின் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் பாதித் தொல்லை போய்விடும்.

மதிப்பீட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் நாளும் முக்கியம். இபிஎப், சொக்சோ சந்தா கட்ட ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி கடைசி. அதற்கு முந்திய நாள்களில் கணக்குப் பிரிவு மதிய உணவையே மேசையில் சாப்பிடும். 20ஆம் தேதி சாவகாசமாக வந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

பல நிறுவனங்கள் செய்வதோ வேறு: "நிமிர்ந்து உட்காருங்கள்" என்று சுவரில் ஒரு படம் ஒட்டுகிறார்கள். இடரை நீக்கு, முடியாவிட்டால் வேலையின் அமைப்பை மாற்று, அறிவுரை அதற்கும் பிறகு என்பதே பாதுகாப்புத் துறையில் பல நாடுகளிலும் உள்ள வரிசை. சுவரொட்டி முதலாளியின் கடமையைச் சத்தமில்லாமல் தொழிலாளியின் முதுகுக்கு மாற்றிவிடுகிறது. இரண்டு பேரின் வேலையை ஒருவர் தட்டும்போது எந்த நாற்காலியும் உதவாது. ஆள் சேர்ப்பதும், தட்டும் வேலைக்கு நடுவே கோப்பு அடுக்குவது, தொலைபேசி எடுப்பது போன்றவற்றைப் பிரித்துக் கொடுப்பதும்தான் அங்கே தீர்வு.

ஒருமுறை படிவம் நிரப்பினால் முடிந்தது என்றும் இல்லை. புதிய ஆள் வந்தாலோ, மேசை சன்னலுக்கு எதிரே நகர்ந்தாலோ, வேலையின் அளவு கூடினாலோ மறுபடி அந்த உடல் படத்தை எடுத்துக் கேட்க வேண்டும்.