பழசும் ஆகவில்லை, புதுசும் இல்லை: ஒரு கான்டெஸாவை மீட்பது

ஒரு காருக்கு மிக ஆபத்தான வயது முப்பது. புதிதாக இருக்கும்வரை வாங்கியவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். அறுபது எழுபது ஆகிவிட்டால் சேகரிப்பாளர்கள் விலை கேட்டு வாசலுக்கு வருவார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் வண்டி ஓரங்கட்டப்பட்டு, டயரில் காற்றிறங்கி, டிக்கியில் செடி முளைத்து, கடைசியில் எடைக்குப் போகிறது. கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் பிறந்த கான்டெஸாக்கள் இன்று இந்த வயதில்தான் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து மீட்க நினைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பலர் அந்தக் கார் ஷோரூமில் இருந்த காலத்தில் பிறக்கவே இல்லை.

இந்த ஆசையைப் பெரியவர்கள் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸைப் பாதுகாக்க ஆளும் உண்டு, பணமும் உண்டு. ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையின் பழங்கார் அணிவகுப்பு கொல்கத்தாவில் 1968-இல் தொடங்கியது. அந்த ஊரின் குளிர்காலத்துக்கு அது ஒரு திருவிழா. கான்டெஸா அரண்மனைக் கார் அல்ல. லைசென்ஸ் ராஜ்ஜியத்தின் கடைசிக் கட்டத்தில், இந்தியத் தொழிற்சாலையில், இந்தியத் தொழிலாளிகள் செய்த சொகுசு கார். அதைக் காப்பாற்ற எந்த சமஸ்தானமும் வராது. இருபத்தைந்து வயதுப் பையனோ பெண்ணோ சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்தால்தான் உண்டு.

ஹவுராவிலிருந்து பர்த்வான் போகும் மெயின் லைனில் உத்தர்பாராவை அடுத்து ஹிந்த்மோட்டார் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் இங்கே வந்த நிறுவனம். அம்பாசிடர் இங்கேதான் உருவானது. 2014 மே மாதம் தொழிற்சாலையில் வேலை நின்றது. அம்பாசிடரின் கதையும் அத்துடன் முடிந்தது. கான்டெஸா அதற்கு முன்பே, 2002-இல், விடைபெற்றுவிட்டது.

1984-இல் வந்த அந்தக் காரின் உடல் இங்கிலாந்தில் எழுபதுகளில் வாக்ஸ்ஹால் நிறுவனம் செய்த விக்டர், விஎக்ஸ் வரிசையிலிருந்து வந்தது. நீண்ட பானெட், அகலமான டிக்கி, பின்சக்கர இழுவை. உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த இன்ஜின் போதவில்லை என்பது முதல் மேட்டிலேயே தெரிந்தது. பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. கான்டெஸா உண்மையில் கான்டெஸா ஆனது அப்போதுதான்.

அதே காலத்தில் சென்னைக்கும் ஒரு சொகுசு கார் இருந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985-இல் ரோவர் எஸ்டி1 உடலில் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டுகளில் அது நின்றுபோனது. இன்று ஒரு நல்ல ஸ்டாண்டர்டு 2000-ஐக் கண்ணால் பார்ப்பதே அரிது. கான்டெஸாவுக்கும் அந்தக் கதி வர எவ்வளவோ வாய்ப்பு இருந்தது. 1995-க்குப் பிறகு சியலோ, ஆஸ்ட்ரா, புனேயில் தயாரான மெர்சிடிஸ் என்று வரிசையாக வந்தபோது, அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும் கான்டெஸாவைச் சட்டென்று கைவிட்டார்கள். மதிப்பு எப்படிச் சரிந்தது என்பதற்கு ஒரு சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா வேட்புமனுவோடு கொடுத்த சொத்துப் பட்டியலில் 1990 மாடல் கான்டெஸா ஒன்று வருகிறது. அதன் மதிப்பாகக் காட்டப்பட்ட தொகை 5,000 ரூபாய்.

2022 ஏப்ரல் முதல், பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து அதே 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கியது. ஆகவே, இந்த வேலையில் இறங்குபவர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது பானெட்டை அல்ல, ஆர்சி புத்தகத்தை. இறந்துபோன ஒருவர் பெயரிலேயே பதிவு இருக்கும். வாரிசுகள் மூன்று ஊர்களில் இருப்பார்கள். பல வருடமாகப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். இவற்றை நேர்செய்யாமல் ஒரு தகட்டைக்கூட வெட்டக் கூடாது. அழகாக முடிந்த வண்டி ரோட்டில் ஏற முடியாமல் ஷெட்டிலேயே நிற்பதைவிட மனதை உடைப்பது வேறில்லை.

சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. மத்திய அரசு 2021-இல் பழமையான வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். முக்கியமான நிபந்தனை, ஷாசி, உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது. மிகப் பழைய கான்டெஸாவுக்கே ஐம்பது வயது 2034-இல்தான் நிறைகிறது. இன்று ஒருவர் அந்தக் காரில் வேறு பெரிய இன்ஜினை ஏற்றி, மட்கார்டை அகலமாக்கி, மேட் கறுப்பில் பெயின்ட் அடித்து ‘இந்தியாவின் மசில் கார்’ என்று ஓட்டினால், நாளைக்கு அந்தக் காருக்குக் கிடைக்கவிருக்கும் உரிமையை இன்றைக்கே வெட்டி எறிகிறார். தயாரிப்பாளர் செய்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் என் கருத்து அதுதான். இருப்பதே சொற்பம், அதில் ஒவ்வொன்றையும் உருமாற்றிவிட்டால், உத்தர்பாராவில் என்ன செய்தார்கள் என்று காட்ட எது மிஞ்சும்?

மீட்பு என்றால் என்ன என்பதற்குக் கொல்கத்தாவிலேயே ஒரு நல்ல பாடம் நிற்கிறது. எல்கின் சாலையில் நேதாஜி பவனில் வைக்கப்பட்டிருக்கும் வாண்டரர் டபிள்யூ24. பிஎல்ஏ 7169 என்ற எண் கொண்ட அந்த ஜெர்மன் காரில்தான் 1941 ஜனவரியில், வீட்டுக்காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸை, அவருடைய அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போனார். கோமோ ரயில் நிலையத்தில் நேதாஜி வண்டி ஏறினார். வாண்டரர், பிற்காலத்தில் ஆடியாக மாறிய நான்கு வளைய நிறுவனங்களில் ஒன்று. ஆடியின் ஆதரவோடு அந்தக் கார் சீரமைக்கப்பட்டு, 2017 ஜனவரி 18 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி முன்னிலையில் மக்கள் பார்வைக்கு வந்தது. அவர்கள் குறிவைத்தது 1941-இல் அந்தக் கார் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்தை. ஷோரூம் பளபளப்பைத் தேடவில்லை. மீட்பவர் முதல் நாளே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்: இந்தக் காரின் எந்த வருடத்துக்கு நான் திரும்பப் போகிறேன்?

இனி வேலை. கான்டெஸாவைப் பொறுத்தவரை இன்ஜினைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதே இசுஸு 1.8 இன்ஜினைத் தொண்ணூறுகளில் அம்பாசிடரிலும் பொருத்தினார்கள். அதனால் பிஸ்டன், ரிங், கேஸ்கட் என்று இன்ஜின் சாமான்கள் தேடினால் ஓரளவு கிடைத்துவிடும். போர் போட்டுக் கொடுக்கும் லேத் பட்டறைகளும் உண்டு. பல வருடம் நின்ற இன்ஜினை ஆசையில் நேராக ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய கேடு. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் செல்ஃப் மோட்டார் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும், பார்க்க நன்றாக இருந்தாலும், தூக்கிப் போட வேண்டும். இப்போது பங்க்குகளில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் கார்ப்பரேட்டர் டயாப்ரமும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஓடாமல் நிற்கும் காரின் டாங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குழாய்களைப் புது வகைக்கு மாற்றுவதை ‘அசல்’ கெட்டுவிடும் என்று தள்ளிப்போடக் கூடாது. நடுரோட்டில் தீப்பிடித்தால் அசலும் இருக்காது.

உயிர் இருப்பது உடலில். கான்டெஸாவுக்கு ஜீப்பைப் போலத் தனி ஷாசி கிடையாது. தகடுகளை இணைத்துக் கட்டிய உடலே எலும்புக்கூடு. கொல்கத்தாவின் காற்றில் வருடம் முழுக்க ஈரம். மழைக்காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட், தன்தனியா பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்பது ஊரறிந்த விஷயம். அந்தத் தண்ணீரில் ஓடிய கார்கள் தரையிலிருந்து மேல்நோக்கிச் சாகின்றன. பெயின்ட் மின்னுவதைப் பார்த்து வாங்கியவர்கள் பலர் பிறகு அழுதிருக்கிறார்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும். சக்கர வளைவு, கதவின் அடி, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு என்று மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால், அது பிடிப்பை விடும் இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, தரைத்தகட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகடு ‘ணங்’ என்று பதில் சொல்லும். கெட்ட தகட்டில் முனை சத்தமே இல்லாமல் இறங்கும். வெளியே எடுத்தால் செந்தூளும் பழைய கார்ப்பெட்டின் நாரும் ஒட்டிக்கொண்டு வரும்.

கதவுக்கு அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டித்தகடு ஒன்று இருக்கிறது. காரின் முதுகெலும்பில் பாதி அதுதான். அது செத்திருந்தால் அவசரக்கார பட்டறை ஒன்று செய்வது, மேலே ஒரு புதுத்தகட்டை ஒட்டி, பட்டி தேய்த்து, பெயின்ட் அடிப்பது. இரண்டு மழையில் உள்ளே இருக்கும் துரு அதையும் தின்றுவிடும். பொறுமையான மிஸ்திரி வேறு மாதிரி போவார். கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று இடைவெளிகளை முதலில் அளந்து குறித்துக்கொள்வார். காரின் உள்ளே கதவுத் தூண்களுக்கு நடுவே இரும்புக் குழாய்களைக் குறுக்காக வெல்டு வைத்து உடலை இறுக்கிப் பிடிப்பார். பிறகு ஒரு பக்கத்தை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, துரு இல்லாத பளபளப்பான உலோகம் வரும்வரை போவார். அந்தப் பக்கம் முடிந்து, கதவு பழையபடி மூடிய பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுவார். முட்டுக்கொடுக்காமல் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துபோகும். அந்தக் காரின் கதவு அப்புறம் ஒருநாளும் சரியாக மூடாது. புதுத்தகட்டின் உட்புறத்தில் ப்ரைமரும் மெழுகும் போவது வரை நின்று பார்க்க வேண்டியது உரிமையாளரின் வேலை. மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

இதற்கெல்லாம் கூலி கணிசமாக ஆகும். அதைவிட அலைச்சல் தருவது டெயில் லாம்ப், கிரில், பீடிங், டேஷ்போர்டு சுவிட்சு மாதிரியான சின்னச் சாமான்கள். ஏ.ஜே.சி. போஸ் சாலையும் பார்க் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் இடத்தில் மல்லிக் பஜார் இருக்கிறது. நம் சென்னைப் புதுப்பேட்டையை அறிந்தவர்களுக்கு அந்தச் சந்துகள் அந்நியமாக இருக்காது. அதே கிரீஸ் வாசனை, கதவுகள் கதவுகளாக, ஸ்டீயரிங்குகள் ஸ்டீயரிங்குகளாகத் தொங்கும் அதே சுவர்கள். இங்கே போனில் விசாரித்தால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நேரில் போய், கெட்டுப்போன பழைய சாமானைக் கையில் காட்டி, டீ குடித்து, அடுத்த வாரமும் போய் நின்றால், ‘அந்தக் கடைசிக் கடையில் கேளுங்கள் தாதா’ என்று ஒருவர் வழி சொல்வார். கிடைத்ததை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைக்க வேண்டும். ஓட முடியாத இன்னொரு கான்டெஸாவை உதிரிக்காகவே வாங்கி நிறுத்துவதும் நல்ல யோசனைதான். ஆனால் அது மீட்கக்கூடிய கார் என்றால் அதை உரிப்பது பாவம் என்றே நினைக்கிறேன்.

பணம், பாகம் இரண்டையும்விட வேகமாகக் குறைந்துகொண்டு வருவது தெரிந்த கைகள். கான்டெஸா கடைசியாக வெளிவந்தபோது முப்பது வயதில் இருந்த தொழிலாளி இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். முதல் காரைச் செய்தவர்கள் எழுபதையும் எண்பதையும் தொட்டிருப்பார்கள். பலர் இன்னும் உத்தர்பாரா, கொன்னகர் பக்கம் ஹூக்ளிக் கரையோரத்திலேயே குடியிருக்கிறார்கள். காரை வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹிந்த்மோட்டார் ஸ்டேஷனில் இறங்கி, டீக்கடையில் கேட்டால், பாடி ஷாப்பில் வேலை பார்த்த ஒரு காக்காபாபுவின், அதாவது பெரியவர் ஒருவரின், வீட்டை யாராவது காட்டுவார்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுபோக வேண்டும். கதவு இடைவெளியை லைனில் எதை வைத்துச் சரிபார்த்தார்கள், முன் கண்ணாடியின் கீழ் தண்ணீர் வடியும் துளை எங்கே, எந்த வருடத்தில் எந்தப் பெயின்ட் நிறத்தை நிறுத்தினார்கள், எந்த இணைப்பில் ஸ்பாட் வெல்டிங், எந்த இணைப்பில் கேஸ் வெல்டிங் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். முடிந்தால் அவரையே பட்டறைக்குக் கூட்டிவந்து, தகட்டை வெட்டுமுன் ஒருமுறை காட்டிவிடுவது இன்னும் நல்லது.