படம் 16 பிக்சல், நினைவகம் போதவில்லை

என்னிடம் இல்லாத, வாங்கவும் வசதிப்படாத கணினிக்காக மென்பொருள்களைச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. அது ஐபிஎம் மெயின்ஃப்ரேம். 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360-இன் வாரிசு. பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்கு இன்றும் இதில்தான் ஓடுகிறது. நான் தன்னார்வலனாக இருக்கும் டெபியன் இயங்குதளத்தில் இதற்கு எஸ்390எக்ஸ் என்று பெயர்.

ஒரே மூல நிரலை ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனியே கம்பைல் செய்தாக வேண்டும். 2025-இல் வெளிவந்த டெபியன் 13, மொத்தம் 7 வகைகளுக்கு வந்தது. மற்ற ஆறிலும் ஒழுங்காக பில்ட் ஆகிவிட்டு, இதில் மட்டும் முரண்டுபிடிக்கும் தொகுப்புகள் என் தலையில் விழும்.

பல நேரம் காரணம் பைட் வரிசைதான். நான்கு பைட் எண்ணை இன்டெல் செயலியும் போனில் உள்ள ஆர்மும் சின்ன மதிப்புள்ள பைட்டிலிருந்து தொடங்கி வைக்கும். மெயின்ஃப்ரேம் பெரியதிலிருந்து தொடங்கும். 03-04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4 என்பதுபோல. அந்த ஏழில் பெரியதை முன்னால் வைப்பது இது ஒன்றே.

ஒரு படக் கருவி, பில்ட் முடிந்து சோதனை ஓடும்போது நின்றுவிட்டது. லாக் பதிவின் கடைசி வரியில் வெறும் ‘எரர் 2’. மேலே ஏறிப் போனால், ‘நினைவகம் போதவில்லை’. சோதனைப் படமோ 16 பிக்சல் அகலமுள்ள பிஎம்பி ஐகான்! க்யூஎமு எமுலேட்டரில் மெயின்ஃப்ரேமை உருவாக்கி, அது ஆமை வேகத்தில் ஓடி முடித்ததும் அகலத்தை அச்சிட்டுப் பார்த்தேன்: 26,84,35,456.

பிஎம்பி கோப்பில் 16 என்பது ஹெக்ஸ் முறையில் 10 00 00 00 என்று சின்ன பைட் முதலாகப் பதிவாகும். நிரல் அந்த நான்கையும் அப்படியே அள்ளி எண்ணாக எடுத்துக்கொண்டது. இன்டெல்லில் சரியாக வரும், இங்கே தலைகீழ். ஒவ்வொரு பைட்டாகப் படித்து, அதனதன் இடத்தில் வைத்துக் கூட்டும்படி மாற்றினால் எந்தச் செயலியிலும் 16தான்.

“எங்க மெஷின்ல ஓடுதே, உங்க பக்கம் அந்த டெஸ்ட்டை ஸ்கிப் பண்ணிடுங்க” என்பவர்களும் உண்டு. செய்தால் பில்ட் தேறிவிடும், படம் திறக்காது. ஐகான் போனால் போகட்டும். இதே பாணியில் கணக்குக் கோப்பைப் படிக்கும் நிரல், பிழைச் செய்தியே காட்டாமல் தவறான தொகையைக் கொடுத்துவிடும். அதனால் சோதனையை அணைக்க நான் சம்மதிப்பதில்லை. நிரலைத் திருத்தி, எழுதியவருக்கே அனுப்பிவிடுகிறேன்.