கல்யாணம் உள்ளே, பெற்றவர்கள் வெளியே

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் ஆலய வாசல்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. மணமக்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார்கள், காத்திருக்கும் கூட்டம் கைதட்டும், போட்டோ எடுப்பார்கள். கைதட்டுகிறவர்களில் பெண்ணைப் பெற்ற தாயும் இருக்கலாம். கல்யாணத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை.

மார்மன்கள் என்று நாம் சொல்வது, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையாரை. அவர்களுடைய ஞாயிறு ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆலயம் அப்படியல்ல. கணவன் மனைவி பந்தம் சாவோடு முடிவதில்லை, நித்தியத்துக்கும் நீளும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பந்தத்துக்கு முத்திரையிடும் சடங்கை ஆலயத்துக்குள் மட்டுமே செய்ய முடியும். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1840களில் தொடங்கிவைத்தது இது.

சடங்கு எளிமையானது. அறை நடுவே மெத்தை வைத்த பலிபீடம். வெள்ளுடையில் இருவரும் எதிரெதிரே முழங்காலிட்டு, அதன்மேல் கைகோத்துக்கொள்கிறார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடிகள். பிம்பத்துக்குள் பிம்பமாக முடிவில்லாமல் போகும். மோதிரம் மாற்றுவது சடங்கில் சேராது.

இதைப் பார்க்க உறவுமுறை போதாது, அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளூர் பிஷப்பும் அவருக்கு மேலுள்ள தலைவரும் தனித்தனியே பேட்டி காண்பார்கள். விசுவாசம் உறுதியா, தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா, ஒழுக்கம் தவறாமல் வாழ்கிறீர்களா என்று கேட்பார்கள். மது, புகையிலை மட்டுமல்ல, காபி, டீயும் கூடாது. சீட்டு இரண்டு வருடம் செல்லும். கத்தோலிக்கப் பாட்டி, சபையை விட்டு விலகிய அப்பா, பள்ளியில் படிக்கும் தம்பி என எல்லோரும் வெளியேதான்.

பாட்டியாவது ‘நான் வேறு சபை’ என்று சொல்லிக்கொள்ளலாம். சபையில் இருந்துகொண்டே சீட்டு இல்லாத அப்பாவின் பாடுதான் திண்டாட்டம். மகளின் கல்யாணத்தில் அவர் உள்ளே இல்லையென்றால், ஏதோ கோளாறு என்று ஊருக்கே தெரிந்துவிடும். காசா, குடியா, விசுவாசமே போய்விட்டதா என்று அவரவர் ஊகித்துக்கொள்வார்கள். அந்தரங்கமாக நடந்த பேட்டியின் முடிவு இப்படிக் கல்யாண நாளில் அம்பலமாகிறது. எனக்கு இதில் மிகக் கொடுமையாகப் படுவது இதுதான்.

எல்லோர் முன்னிலையிலும் வெளியே மணம் முடித்துவிட்டு அப்புறம் ஆலயத்துக்குப் போகலாமே? அமெரிக்காவில் அப்படிச் செய்தால் முத்திரைச் சடங்குக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. தள்ளிப்போட்டால் ‘என்ன தப்பு செய்தார்களோ’ என்ற பேச்சு கிளம்பும் சமூகத்தில் எத்தனை பேர் துணிவார்கள்? ஆறுதலாக, விருந்து மண்டபத்தில் மோதிரம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அதிலும் கல்யாண உறுதிமொழி எடுக்கக்கூடாது என்று கையேடு சொன்னது.

பிரிட்டனிலோ, பொதுமக்கள் வரக்கூடிய இடத்தில் நடந்தால்தான் சட்டப்படி கல்யாணம். அங்கே இதே சபையின் பிள்ளைகள் முதலில் எல்லோரும் பார்க்க மணம் முடித்து, வருடக் காத்திருப்பு எதுவும் இல்லாமல் ஆலயத்துக்குப் போனார்கள். அதனால் சபைக்கு எந்தக் கேடும் வரவில்லை. அமெரிக்கப் பெற்றோரை வாசலில் நிறுத்திய காத்திருப்பு விதி வேதம் சொன்னதல்ல, நிர்வாகம் வகுத்தது.

2019 மே 6 அன்று, ரசல் நெல்சன் தலைமையிலான சபை மேலிடம் அந்த விதியை உலகெங்கும் நீக்கியது. ஆலயக் கதவு இப்போதும் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே. ஆனால் அப்பா கைப்பிடித்து அழைத்துவர வீட்டுத் தோட்டத்தில் மணம் முடித்துவிட்டு, காத்திருக்காமல் ஆலயத்துக்குப் போகலாம். முன்பு ‘சபை விதி, நாங்கள் என்ன செய்ய?’ என்று பிள்ளைகள் பெற்றோரைச் சமாதானப்படுத்த முடிந்தது. இன்று ஆலயக் கல்யாணம் மட்டும் போதும் என்று முடிவெடுக்கிறவர்கள், அதற்கான காரணத்தை அம்மாவிடம் தாங்களே சொல்லியாக வேண்டும்.