வடிவமே பலம், வடிவமே சிறை: ஒரு விமான முனையத்தின் மறுவாழ்வு

மாணவர்களே, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதன் ஓர் ஓரத்தை மட்டும் விரல்களால் பிடித்து முன்னே நீட்டுங்கள். மறுமுனை தொங்கிவிடும். இப்போது, பிடித்திருக்கும் ஓரத்தை நடுவில் சற்று அழுத்தித் தாளை ஓடுபோல வளையுங்கள். அதே தாள் விறைத்து நிற்கும். அதன்மேல் ஒரு சிறிய அழிப்பானைக்கூட வைக்கலாம். தாளின் எடை மாறவில்லை, தடிப்பும் மாறவில்லை. வடிவம் மட்டுமே மாறியது.

வளைவு தரும் இந்தப் பலத்தை நம்பி நியூயார்க்கில் ஒரு விமான முனையம் கட்டப்பட்டது. டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த முனையம் 1962ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 6,000 டன் எடையுள்ள அதன் கான்கிரீட் கூரையை நான்கே தாங்குதூண்கள் தாங்குகின்றன. 39 ஆண்டுகள் உழைத்த அந்தக் கட்டடம் 2001இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் பயணிகள் இல்லாமல் கிடந்து, 2019இல் ஒரு ஹோட்டலாக மீண்டும் திறந்தது.

உலகமே வியந்த ஒரு கட்டடம் ஏன் இவ்வளவு விரைவில் பயனற்றுப் போனது? பயனற்றுப் போன பிறகும் அதை ஏன் இடிக்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை அதன் வடிவத்தில்தான் இருக்கிறது.

ஆளுக்கொரு முனையம்

இன்று ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் என்று அழைக்கப்படும் இடத்துக்கு அப்போது ஐடில்வைல்ட் என்று பெயர். 1950களில் அங்கே ஒரு புதிய திட்டம் வந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெரிய கட்டடம் கட்டுவதற்குப் பதிலாக, முக்கிய விமான நிறுவனங்கள் தத்தம் முனையங்களைத் தாங்களே கட்டிக்கொள்ளலாம் என்பதே அந்தத் திட்டம். உடனே போட்டி தொடங்கியது. முனையம் என்பது பயணிகள் ஏறி இறங்கும் இடம் என்பதோடு, நிறுவனத்தின் விளம்பரமாகவும் ஆனது.

டிடபிள்யூஏ, ஈரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தது. 1910இல் பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் அவர். செயிண்ட் லூயிஸ் நகரின் புகழ்பெற்ற மாபெரும் வளைவும் அவர் வடிவமைத்ததே. பறக்கப் போகும் பரபரப்பைப் பயணி கட்டடத்துக்குள் நுழைந்தவுடனேயே உணர வேண்டும் என்று அவர் விரும்பினார். முனையத்தைப் பார்த்தவர்கள் இறக்கை விரித்த பறவை போல இருக்கிறது என்றார்கள். பறவையை மனத்தில் வைத்து வரையவில்லை, அது தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்பது சாரினென் தந்த விளக்கம்.

தம் கட்டடம் திறக்கப்படுவதை அவர் பார்க்கவில்லை. 1961ஆம் ஆண்டு செப்டம்பரில், 51 வயதில், மூளைக் கட்டியால் காலமானார். அவருடைய அலுவலகத்தில் இருந்தவர்கள் மீதி வேலையை முடித்தார்கள்.

பழத்தோல் கூரை

காலை உணவின்போது, சாப்பிட்டு முடித்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் தோலைக் கவிழ்த்து, நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தபோதுதான் சாரினெனுக்கு இந்தக் கூரையின் வடிவம் பிடிபட்டது என்று அவருடன் பணியாற்றியவர்கள் சொல்வதுண்டு. பம்பளிமாஸ் பழத்தின் தம்பி போன்றது அந்தப் பழம். கதை எப்படியிருந்தாலும், அதில் உள்ள அறிவியல் உண்மையானது.

தட்டையான பலகை ஒன்றின் நடுவில் பாரம் ஏற்றினால் பலகை வளையும். அதன் மேற்பக்கம் நெருக்கப்படும், அடிப்பக்கம் இழுக்கப்படும். கான்கிரீட் நெருக்கு விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடும். அதனால் தட்டையான கான்கிரீட் கூரையைத் தடிப்பாகக் கட்டி, உத்தரங்களும் பல தூண்களும் கொடுக்க வேண்டியிருக்கிறது. வளைந்த ஓட்டில் நிலைமை வேறு. பாரம் அந்த வளைவின் வழியே பரவி, பெரும்பாலும் நெருக்கு விசையாகவே அடித்தளத்துக்கு இறங்குகிறது. ஆங்காங்கே எஞ்சும் இழுவிசையைக் கான்கிரீட்டுக்குள் புதைத்திருக்கும் எஃகுக் கம்பிகள் ஏற்றுக்கொள்கின்றன. முட்டை ஓடு மெல்லியதாக இருந்தும் கோழி அடைகாக்கும்போது உடையாமல் இருப்பதும் இதனால்தான்.

டிடபிள்யூஏ முனையத்தின் கூரை இத்தகைய நான்கு ஓடுகளால் ஆனது. ஒவ்வொரு தாங்குதூணும் மேலே இரண்டு கிளைகளாகப் பிரிந்து, பக்கத்துப் பக்கத்து ஓடுகளைத் தாங்குகிறது. ஓடுகளுக்கு இடையே உள்ள நீண்ட இடைவெளிகளில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன் வழியே வெயில் உள்ளே விழும். நான்கு ஓடுகளும் கூரையின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் சந்திக்கின்றன. விளிம்புகளில் சுமார் 18 சென்டிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட், விசைகள் ஒன்றுசேரும் அந்த நடுப்பகுதியில் சுமார் ஒரு மீட்டர் தடிப்பாகிறது. ஒவ்வோர் ஓடும் மற்ற மூன்றையும் சார்ந்தே நிலையாக நிற்கிறது.

இத்தகைய வளைவுகளை வரைந்து காட்ட உதவும் கணினி மென்பொருள் அப்போது கிடையாது. அட்டையில் மாதிரிகள் செய்து, வெட்டி, ஒட்டி, மீண்டும் அளந்து, கையால் வரைந்தார்கள். பிறகு மரத்தால் அதே வளைவில் அச்சு அமைத்துக் கான்கிரீட் ஊற்றினார்கள்.

விமானம் வளர்ந்தது, கட்டடம் வளரவில்லை

முனையத்தின் வடிவமைப்பு தொடங்கிய காலத்தில் டிடபிள்யூஏவின் பெருமை கான்ஸ்டலேஷன் என்ற உந்துசுழலி விமானம். அதில் நூறு பேர் ஏறினாலே நெரிசல். 1958இல் போயிங் 707 ஜெட் விமானம் சேவைக்கு வந்தது. அது ஏறத்தாழ 150 பேரை ஏற்றியது. 1970இல் போயிங் 747 வந்தபோது ஒரே விமானத்திலிருந்து 350க்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் பயணப்பெட்டி உண்டு, வரிசை உண்டு, காத்திருக்க நாற்காலி வேண்டும்.

இன்னொரு மாற்றமும் வந்தது. விமானக் கடத்தல்கள் பெருகியதால், 1973ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதனையிடுவது கட்டாயமானது. தடையின்றி நடந்து போகவே வடிவமைத்த ஒரு கூடத்தில் சோதனை வரிசைகளுக்கு எங்கே இடம்?

பெட்டி வடிவக் கட்டடமாக இருந்தால் ஒரு சுவரை இடித்து, பக்கத்தில் இன்னொரு கூடத்தைச் சேர்க்கலாம். ஓட்டுக் கூரையில் அது எளிதன்று. பாரம் வளைவு வழியே இறங்குகிறது என்று பார்த்தோம் அல்லவா? எங்காவது வெட்டினால் அந்த விசையின் பாதை அறுந்துவிடும். கட்டடத்துக்குப் பலம் தந்த வடிவமே அதை வளரவிடாமல் பூட்டிய சிறையும் ஆனது. உள்ளேயும் வெளியேயும் சில இணைப்புகளை ஒட்டவைத்துக் காலம் ஓட்டினார்கள். 2001இல் டிடபிள்யூஏ நிறுவனமே நொடித்துப் போய், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை வாங்கியது. அதே ஆண்டில் முனையம் மூடப்பட்டது.

இடிக்காமல் காத்த சட்டம்

பரபரப்பான விமான நிலையத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் நிலமும் விலை உயர்ந்தது. அப்படியிருந்தும் இந்தக் கட்டடம் தப்பியதற்குக் காரணம் வேறொரு கட்டடத்தின் அழிவு. 1963இல் நியூயார்க் தன்னுடைய பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியது. மக்கள் மனம் நொந்தார்கள். அந்த வருத்தத்தின் விளைவாக 1965இல் நகரின் அடையாளச் சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 1994இல் டிடபிள்யூஏ முனையத்தின் வெளித்தோற்றமும் உட்புறமும் அந்தச் சட்டத்தின்கீழ் சேர்ந்தன.

இடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம். கெட்டுப் போகாதே என்று கட்டடத்துக்கு உத்தரவிட முடியாது. புதிய கான்கிரீட் வலுவான காரத்தன்மை உடையது. அது உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெல்லப் புகுந்து காரத்தன்மையைக் குறைக்கும். விரிசல் வழியே ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய அடுக்குமாடிகளின் கூரையில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிவதை நீங்களும் பார்த்திருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் ஒழுகலைக் கவனிக்கவும் ஆளிருக்காது. ஒரு கட்டடத்துக்கு நல்ல பாதுகாப்பு, அதை யாராவது தினமும் பயன்படுத்துவதுதான்.

எதை வைப்பது, எதை எடுப்பது?

பழைய முனையத்தின் பின்னால் 2008இல் வேறொரு நிறுவனத்துக்காகப் பெரிய புதிய முனையம் எழும்பியது. விமானப் பயணிகளைக் கையாளும் வேலை அதற்குப் போய்விட்டது. பழைய கட்டடத்துக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. பல யோசனைகளுக்குப் பிறகு ஹோட்டலாக மாற்றுவது என முடிவானது.

மீட்டெடுக்கும் பொறுப்பை பேயர் பிளைண்டர் பெல் என்ற கட்டடக்கலை நிறுவனம் ஏற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் சேமித்திருந்த சாரினெனின் மூல வரைபடங்கள் அவர்களுக்கு வழிகாட்டின. முதல் வேலை கழித்தல். பிற்காலத்தில் ஒட்டவைத்த இணைப்புகளை அகற்றினார்கள். அடுத்த வேலை பொருத்தம். தரையிலும் வளைந்த சுவர்களிலும் பதித்திருந்தவை நாணயம் போன்ற சிறிய வட்ட ஓடுகள். ஒவ்வொன்றின் விட்டம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பெரிய சதுர ஓடு வளைவில் படியாது, சிறிய வட்ட ஓடு படியும். சிதைந்தவற்றுக்குப் பதிலாக அதே அளவிலும் நிறத்திலும் புதிய ஓடுகளைத் தனியாகச் செய்ய வைத்துப் பதித்தார்கள்.

கண்ணாடிச் சுவரில் பல வடிவங்களில் 486 கண்ணாடிகள். அவற்றை நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் பட்டைகள் பிடித்திருந்தன. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். எனவே அவற்றுக்குப் புதிய பட்டைகள் தேவைப்பட்டன. இத்தாலியின் சொலாரி நிறுவனம் செய்த விமான அறிவிப்புப் பலகையும் மறுபடி உயிர் பெற்றது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டுச் சிறு தகடுகள். அவை சுழன்று விழுந்து சொற்களாகும். அந்தப் பட்பட் ஓசையைக் கேட்பதற்கென்றே இன்று ஆட்கள் அங்கே நிற்கிறார்கள்.

பழைய கூடத்துக்குள் அறைகளைத் திணிக்காததுதான் இந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனம். 512 அறைகளையும் பின்னால் இரண்டு புதிய கட்டடங்களில் வைத்தார்கள். அவற்றின் சுவர்கள் கருநிறக் கண்ணாடியால் ஆனவை. வெண்மையான பழைய முனையத்துக்கு அவை திரைச்சீலை போல அடங்கி நிற்கின்றன. ஓடுபாதைக்கு அருகிலிருந்தும் விருந்தினர் தூங்க முடிகிறது. அங்குள்ள கண்ணாடிச் சுவர் ஏழு தகடுகள் சேர்ந்து, மொத்தம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் தடிப்புடையது. ஒலி ஓர் அதிர்வு. ஒரு தகட்டிலிருந்து இடைவெளியைக் கடந்து அடுத்த தகட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அது தன் ஆற்றலில் ஒரு பங்கை இழக்கிறது.

நம் வட்டாரத்தில்

இந்தச் சிக்கல் நமக்கும் புதிதல்ல. சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் 1937இல் திறக்கப்பட்டது. விமானங்கள் பெரிதாகிவிட்டதால் 18 ஆண்டுகளிலேயே, 1955இல், பாய லேபாருக்கு இடம்விட்டது. அதன் முனையக் கட்டடம் 1960 முதல் 2009 வரை மக்கள் கழகத்தின் தலைமையகமாக இருந்தது. 2008இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவின் சுபாங் முனையம் 1965இல் திறந்தது. குடை விரித்தது போன்ற கான்கிரீட் தூண்களும் ஓட்டுக் கூரையும் அதன் அழகு. 1998இல் கேஎல்ஐஏ வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போனது. பின்னர் அது இடிக்கப்பட்டது.

மூன்று முனையங்களையும் விமானத்தின் வளர்ச்சியே ஓய்வுக்கு அனுப்பியது. அந்த விஷயத்தில் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை. ஓய்வுக்குப் பிறகு யாராவது ஒரு புதிய வேலை கொடுத்தார்களா என்பதே அவற்றின் விதியைப் பிரித்தது. இன்று நீங்கள் பயன்படுத்தும் முனையத்துக்கும் ஒருநாள் அந்தக் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டிய வயதில் அப்போது நீங்கள் இருப்பீர்கள்.

செய்து பாருங்கள்

தடித்த தோலுள்ள ஆரஞ்சுப் பழம் ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டி, சுளைகளைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். ஒரு பாதித் தோலை மேசையில் கவிழ்த்து, அதன்மேல் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். தோல் நசுங்கும்போது எத்தனை குறிப்பேடுகள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறு பாதியின் விளிம்பில், உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அதேபோல அடுக்குங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாரினெனின் கூரையை ஏன் யாரும் வெட்டத் துணியவில்லை என்பதை அந்த வித்தியாசம் சொல்லும்.