இறால் தீவனத்தில் மூலிகைச் சாறு: காப்பும் எல்லையும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வழியே பாலாற்று முகத்துவாரம் வரை நீளும் கடலோரத்தில் உவர்நீர் வளம் மிகுதி. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைப் பண்ணை முட்டுக்காட்டில் இயங்குகிறது. இத்தகைய உவர்நீரை நம்பிய இறால் பண்ணைகளை 1994 முதல் வெண்புள்ளி நோய் வாட்டிவருகிறது. அறிகுறி தோன்றிய 3 முதல் 10 நாள்களுக்குள் குளத்து இறால் முழுவதும் மடியக்கூடும். நோய்க்குக் காரணம் வைரசு. ஆகவே நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. முதுகெலும்பிகளைப் போல இறால் எதிர்ப்பொருள்களை உருவாக்குவதில்லை. எனவே வழக்கமான தடுப்பூசிக்கும் இடமில்லை. குருதியணுக்கள் சார்ந்த இயல்பான எதிர்ப்பாற்றல் ஒன்றே அதற்குத் துணை. மூலிகைத் தீவன ஆய்வுகள் அவ்வாற்றலைத் தூண்டுவதையே நோக்குகின்றன.

இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வு, மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் நிகழ்ந்தது. 2007-இல் வெளியான முடிவின்படி, சோதித்த 20 செடிகளுள் வில்வம், அருகம்புல், உண்ணிச்செடி, பாகல், கீழாநெல்லி ஆகிய ஐந்தும் வெண்புள்ளி வைரசுக்கு எதிராகச் செயற்பட்டன. அச்சோதனையில் சாறு ஊசி வழியே செலுத்தப்பட்டது. பண்ணையில் ஒவ்வோர் இறாலுக்கும் ஊசியிடுதல் இயலாது. ஆகவே அடுத்த ஆண்டில் வெளியான ஆய்வில் அருகம்புல் சாறு 1, 2 விழுக்காட்டு அளவுகளில் தீவனத்தில் கலந்து வரி இறாலுக்கு ஊட்டப்பட்டது. எதிர்ப்பாற்றலும் பிழைப்பு விகிதமும் உயர்ந்தன. பிள்ளையாருக்குச் சூட்டும் புல்லுக்கு இறால் குளத்திலும் ஒரு பணி வாய்த்தது எனலாம்.

எனினும் ஆய்வகத் தொட்டியின் முடிவைக் குளத்திற்கு அப்படியே பொருத்துதல் தவறு. நோயுற்ற இறால் முதலில் இரை எடுப்பதைக் குறைத்துவிடும். அதன்பின் தீவனத்தில் கலந்த எதுவும் உடலுட் சேராது. ஆதலின் மூலிகைத் தீவனத்தை மருந்து என்பதைவிட முற்காப்பு என்பதே பொருந்தும். இறால் தீவனத்தைக் கொறித்துக் கொறித்தே உண்ணும் இயல்பினது. அதற்குள் நீரில் கரையும் சாறு வெளியேறிவிடும். தீவனக் குருணைமேல் பூசும் பிணைப்பான் இவ்விழப்பைக் குறைக்குமேயன்றி நீக்காது. மேலும், 2009-இல் அனுமதி பெற்ற வனாமி இறாலே இன்று பெரும்பான்மையான பண்ணைகளில் வளர்கிறது; வரி இறாலில் கண்ட அளவை அதற்குத் தனியே சோதித்தாக வேண்டும்.

மூலிகை என்பதனாலேயே தீங்கற்றது எனக் கொள்ளவும் இயலாது. மேற்கூறிய ஐந்தனுள் ஒன்றான உண்ணிச்செடி, மேயும் கால்நடைகளின் கல்லீரலைத் தாக்கும் நச்சுச்செடி. மண், பருவம், உலர்த்தும் முறை ஆகியவற்றுக்கேற்ப ஒரே செடியின் வீரியமும் மாறும். ஆதலின் செடியின் பெயரோடு, பறித்த இடம், காலம், சாறு இறக்கிய கரைப்பான் ஆகியவற்றையும் பதிவு செய்யாத ஆய்வை மற்றொருவர் மீளச் செய்துபார்த்தல் அரிது.