இதயத் தசையும் பரம்பரைச் சொத்தும்

தஞ்சைத் தரணியில் நஞ்சை நிலத்துக்குப் பாகம் பிரித்துப் பத்திரம் எழுதுகிறோம். எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாமல் நம் பிள்ளைகளைச் சென்றடையும் சொத்து ஒன்றுண்டு. அதுவே மரபணு. அதில் நலமும் உண்டு. நோய்க்கான வாய்ப்பும் உண்டு.

மாரடைப்பு இரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. இதயத் தசை நோய் வேறு. இதில் தசையே தடித்துவிடும். அல்லது தளர்ந்து விரிந்துவிடும். மூச்சுத் திணறல், கால் வீக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியன அறிகுறிகள். சிலருக்கு இளவயதிலேயே திடீர் மரணம் நேர்வதும் உண்டு.

ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர் தங்கராஜும் குழுவினரும் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, இத்துணைக்கண்டத்து மக்களில் 100க்குச் சுமார் 4 பேரிடம் அவர்கள் கண்டனர். ஏடு பெயர்த்தெழுதுபவர் ஓர் அடையாளக் குறியை விட்டுவிட்டால், படிப்பவர் ஒரு பத்தியையே தாண்டிப் போவாரல்லவா? அதுபோலவே புரதம் குறைபடுகிறது. ஆயினும் இக்குறையுடைய அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. அதே மரபணுவில் இன்னொரு பிழையும் சேர்ந்திருப்போருக்கே அபாயம் மிகுதி என்பதை 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் தெற்காசியரிடையே நடந்த ஆய்வு உணர்த்தியது.

நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. நம் அணு எது, அந்நிய அணு எது எனப் பிரித்தறிய உதவும் மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. இத்துறை அறிஞர் மூவர் 1980இல் நோபல் பரிசு பெற்றனர். வைரஸ் தொற்றுக்குப் பின், காவற்படையே வீட்டாரைத் தாக்குவதுபோல், எதிர்ப்பாற்றல் சிலரது இதயத் தசையைத் தாக்குகிறது. அம்மரபணுக்களின் சில வகைகளுக்கும் இதயம் விரியும் நோய்க்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது.

வாசகர்களே! உறவுமுறைத் திருமணம் மார்க்கம் அனுமதித்ததே. எனினும் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஒரே குறை இருப்பின், பிள்ளைக்கு அது இரட்டிப்பாகச் சேரக்கூடும், நோயும் கடுமையாகலாம். ஆகவே சம்பந்தம் பேசுமுன், குடும்பத்தில் இளவயதில் திடீரென மறைந்தவர் உண்டா என்று பெரியவர்களைக் கேளுங்கள். உண்டெனில் இதய மருத்துவரை அணுகி, இ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளை நெருங்கிய இரத்த உறவினர் யாவரும் செய்துகொள்ளுங்கள். நோய் முன்கூட்டியே தெரிந்தால் மருந்தும் கண்காணிப்பும் உயிர் காக்கும். மறைத்து வைப்பது மானம் காப்பதாகாது.